பத்துமலையில் நாம் பார்க்க மறந்தவை



2018ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல். அங்கு வண்டி மாறிப் பத்துமலை. பிற்பகலில் தேசிய அருங்காட்சியகம். இதுவே திட்டம்.

அடிவாரத்திலேயே ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இது எரிமலைக் குழம்பு ஓடிய குகையா?" கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள எரிமலைக் குகையின் படத்தை அவன் எங்கோ பார்த்திருக்கிறான். சிறு வயது முதல் ஆண்டுதோறும் தைப்பூசத்திற்குப் பத்துமலை வந்தவள் நான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் பயின்றவள். ஆயினும் உடனே விடை சொல்ல இயலவில்லை. அன்று நான் நாணினேன்.

பின்னர் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். எரிமலைக் குழம்பு ஓடும்போது அதன் மேற்பரப்பு ஆறி இறுகும். உள்ளே ஓடும் குழம்பு வடிந்ததும் குழாய் போன்ற குகை எஞ்சும். பத்துமலையோ சுண்ணாம்புக்கல் மலை. அதன் பாறை ஏறக்குறைய 40 கோடி ஆண்டுப் பழைமையது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மென்மையான அமிலமாகிப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்தது. ஒன்று நெருப்பின் வேலை. மற்றொன்று நீரின் பொறுமை.

இம்மலையை முதலில் அறிந்தவர்கள் இங்கு வாழ்ந்த பூர்வகுடி மக்களே. அவர்கள் குகைவாயில்களில் ஒதுங்கினர். பிறகு சீனக் குடியேறிகள் வௌவால் எச்சத்தை உரத்திற்காக அள்ளினர். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹோர்னடே வந்து சென்ற பின்னரே குகைகளின் புகழ் வெளியுலகில் பரவியது. கே. தம்புசாமிப் பிள்ளை இங்கு முருகன் கோயிலைத் தோற்றுவித்தார். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. அவரே விக்டோரியா கல்விக்கூடம் உருவாகத் துணைநின்றவர்களுள் ஒருவர் என்பதையும் மாணவர்களுக்குச் சொன்னேன்.

272 படிகளின் வழியில், கோயில் குகைக்குக் கீழே இருட்டுக் குகை உள்ளது. அங்கே கைவிளக்குடன் நுழைந்தோம். வௌவால் எச்சத்தையே உணவாகக் கொண்டு வாழும் சிற்றுயிர்களின் உலகம் அது. பத்துமலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய பொறிக்கதவுச் சிலந்தியும் அங்கு வாழ்கிறது. 1923இல் அறிவியலாளர் அதனை விவரித்தனர். சிலந்தி எங்கள் கண்ணில் படவில்லை. பாறையில் அதன் சிறு கதவைக் கண்டபோது, சலசலத்துக்கொண்டிருந்த முப்பது பிள்ளைகளும் மௌனமாயினர்.

பிற்பகலில் அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். இன்றைய கட்டடம் 1963இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அவ்விடத்தில் சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. பறவைகளையும் விலங்குகளையும் சேகரித்த ஹெர்பர்ட் ராபின்சன் அதற்கு இயக்குநராக இருந்தார். 1945 மார்ச் 10ஆம் நாள், நேச நாட்டு விமானங்கள் இரயில்வே அமைப்புகளைக் குறிவைத்து வீசிய குண்டுகளில் அதன் ஒரு பகுதி அழிந்தது. அருகிலுள்ள பிரிக்பீல்ட்ஸ், தமிழ் இரயில்வே ஊழியர்கள் பலர் குடியிருந்த பகுதி. அந்நாளை நம் மூத்தோர் பலர் நேரில் கண்டிருப்பர்; அதைக் கேட்டு எழுதி வைத்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

இழந்த அருங்காட்சியகத்திற்குப் பதிலாகப் பதினெட்டு ஆண்டுகளில் மற்றொன்றைக் கட்டிவிட்டார்கள். பத்துமலைக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் ஓரங்கள் பல்லாண்டுகள் கல்லுக்காக உடைக்கப்பட்டன. உடைந்த இடம் மீண்டும் வளராது. ஓரிடத்தில் மட்டுமே வாழும் உயிரினம் அழிந்தால் திரும்பாது. இருட்டுக் குகையும் 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. ஆகவே, எங்கள் மாணவர்கள் கண்ட காட்சியை அடுத்து வந்த வகுப்பினருக்கு என்னால் காட்ட இயலவில்லை.

பெற்றோர்களே, அடுத்த தைப்பூசத்தில் பிள்ளைகளுடன் படியேறும்போது, வேண்டுதல் முடிந்ததும் ஒரு கணம் நின்று மேலே பாருங்கள். கூரையிலிருந்து சொட்டும் நீரைச் சுட்டிக்காட்டுங்கள். இந்தக் குகையைச் செதுக்கியது இந்த நீர்தான் என்று சொல்லுங்கள். பிள்ளை மேலும் கேட்டால், என்னைப்போல் திகைக்காமல் விடை சொல்ல இக்கட்டுரை உதவினால் மகிழ்வேன்.