கெபாயா பூவேலைக்கு ஏற்ற கத்தரிக்கோல் எது?

காத்தோங், ஜூ சியாட் வட்டாரக் கடைகளில் தொங்கும் பெரனாக்கன் கெபாயாவின் ஓரங்களில் சல்லடைபோல் சிறு துளைகள் தெரியும். வெளியிலிருந்து வாங்கி ஒட்டிய லேஸ் அல்ல அது. மெல்லிய வாயில் துணியில் பூவின் வடிவத்தைத் தையல் இயந்திரத்தில் ஓட்டி, உள்ளே இருக்கும் துணியை வெட்டி எடுத்துச் செய்யும் வேலை. மலாயில் இதைத் ‘தெபுக் லுபாங்’ என்பார்கள்.

துளை போடும்போது கத்தரிக்கோலின் நுனி ஓர் இழை தவறினாலும் தையல் அறுந்துவிடும். பல நாள் வேலை அந்த ஒரு வெட்டில் கெடும். கற்றுக்கொள்ளத் தொடங்குவோர் துணிக்கும் நூலுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, வீட்டில் கிடக்கும் கத்தரிக்கோலையே எடுப்பது சரியான சிக்கனமாகாது.

மலாக்கா செட்டி குடும்பத்துப் பெண்களும் தலைமுறைகளாக அணிந்துவரும் உடை கெபாயா. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனீசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்மொழிந்ததில், 2024 டிசம்பரில் அது யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த வேலைக்கு மூன்றரை முதல் நான்கு அங்குல நீளமுள்ள, ஊசி நுனிக் கத்தரிக்கோல் போதும். தூண்டிலில் இறகும் நூலும் கட்டிப் பொய் ஈ செய்யும் மீன்பிடிப் பிரியர்கள் நாடுவதும் ஏறக்குறைய இதே அளவைத்தான். விலை சில வெள்ளியிலிருந்து பல பத்து வெள்ளி வரை போகும். கொக்கு வடிவக் கைப்பிடிக்கும் தங்க முலாமுக்கும் கொடுக்கும் பணம் வெட்டுக்கு உதவாது.

மலிவான கத்தரிக்கோல்களில் ஒரே பெட்டியில் இருப்பவைகூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் கடைக்குப் போகும்போது வாயில் துணித் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. நுனியின் கடைசி இரண்டு மில்லிமீட்டரால் மட்டும் அதை வெட்டிப் பார்க்க வேண்டும். துணி மடங்கி அலகுகளுக்கு நடுவே சிக்கினால் அதை வைத்துவிடலாம். பிறகு மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொட வேண்டும். நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் அது குறையல்ல. ஆணி அறைந்ததைவிடத் திருகாணி போட்டது மேல், தளர்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். விரல் வளையம் இறுக்கமாக இருந்தால் அரை மணி நேரத்தில் கை வலிக்கும்.

நேர் அலகா, வளைந்த அலகா? நூல் நறுக்க நேர் அலகு போதும். துளை போடுவோருக்கு வளைந்த நுனி உதவும். வளைவு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்தால் நுனி அடித்துணியைக் குத்தாது.

காத்தோங்கின் இன்னொரு கைவேலை ‘காசுட் மானெக்’ எனும் மணிச் செருப்பு. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைப்பார்கள். அங்கே கத்தரிக்கோலுக்கு எதிரி கண்ணாடிதான். அலகு ஒருமுறை மணியைக் கடித்தாலே பல் விழும். அதன்பின் வாயில் துணியில் அது இழையை இழுக்கும். எனவே விலை உயர்ந்த ஒன்றைவிட மலிவான இரண்டு நல்லது. புதியது துணிக்கும் நூலுக்கும் மட்டும். பழையது மணி வேலைக்கும் ஜரிகைக்கும் காகிதத்துக்கும். வீட்டில் எல்லாரும் எடுப்பதற்கும் அந்தப் பழையதே இருக்கட்டும்.

சிங்கப்பூரின் ஈரக் காற்றில் துருப்பிடிக்காத எஃகே வசதி. சாதாரண எஃகு வாங்கினால், தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டை ஆணியில் விட்டு, துணியில் ஒற்றிவிட வேண்டும். கத்திக்குச் சாணை பிடிக்கும் சக்கரத்தில் இதைக் கொடுத்தால் ஊசி நுனியே தேய்ந்துபோகும். கீழே விழுந்து நுனி வளைந்தாலும் துளை வேலைக்கு அது இனி ஆகாது. வேலை முடிந்ததும் நுனியில் ஒரு தக்கைத் துண்டைச் செருகி வைக்கலாம்.