பெரியாற்றங்கரை யூதப் பள்ளி

போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதை ஏறிப் போடிமெட்டை அடைந்தால் ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. அம்மலையின் கீழைச் சரிவில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாகி வைகையை நாடுகிறது. மேலைச் சரிவில் பெய்யும் மழையோ பன்னியாற்றின் வழியே பெரியாற்றில் கலந்து கொடுங்கல்லூர்க் கழிமுகம் நோக்கி ஓடுகிறது. அந்நீர் கடலைச் சேருமுன் தழுவிச் செல்லும் சிற்றூர்களுள் ஒன்று சேந்தமங்கலம். அங்கே ஒரு யூதப் பள்ளி இருக்கிறது. அதில் வழிபடுவோர் இன்று எவரும் இலர்.

‘பள்ளி’ என்னும் சொல்லே இங்கு நின்று நோக்கத்தக்கது. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த அச்சொல்லை, மலையாள நாடு கிறித்தவர், இசுலாமியர், யூதர் ஆகிய மூவரின் வழிபாட்டிடங்களுக்கும் வழங்கிற்று. வந்தேறிய சமயங்களைத் தனக்கு முன்பே பழகிய சொல்லால் அழைத்து ஏற்றுக்கொண்ட நிலம் அது.

யூதர் அந்நிலத்தில் பெற்ற சிறப்புக்குச் சான்று ஒரு செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், கி.பி. 1000 அளவில் யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும், 72 சிறப்புரிமைகளையும் வழங்கினான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, வரிவிலக்கு ஆகியன அவற்றுள் அடங்கும். அச்செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கிய மிளகும் ஏலமும் மேலைக் கடற்கரைத் துறைகளில் கப்பலேறிய காலத்தில், கடல்கடந்த வணிகத்தை அறிந்தவர்க்கு அரசு அளித்த மதிப்பு அது.

1341ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பர். வணிகம் தெற்கே நகர, யூதரும் நகர்ந்தனர். மட்டாஞ்சேரி, எறணாகுளம், பரவூர், மாள, சேந்தமங்கலம் என ஐந்து ஊர்களில் எட்டுப் பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டு வரை விளங்கின. சேந்தமங்கலத்துப் பள்ளியின் முன்னே நிற்கும் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டினது. இஸ்ரவேலின் மகள் சாராளின் பெயரை எபிரேய மொழியில் தாங்கும் அக்கல், இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

கொச்சி அரசின் அமைச்சர் குடியான பாலியத்தாரின் ஊர் சேந்தமங்கலம். யூதப் பள்ளி, கோயில், தேவாலயம், மசூதி ஆகிய நான்கும் அங்கே அண்மை அண்மையாக அமைந்தன. பள்ளியின் மர விதானத்தில் தாமரைகள் செதுக்கப்பட்டுள்ளன. மகளிர் அமரும் மேல்தளத்தை ஒட்டி, மறை ஓதுதற்கு இரண்டாவது மேடை ஒன்றும் உண்டு. இது கேரள யூதப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. அம்மகளிர் திருமணத்திலும் திருநாளிலும் மலையாளத்தில் பாடினர். அப்பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதித் தம் மகளிர்க்குக் கையளித்தனர்.

இத்தகைய சமூகம் தேய்ந்தது எதனால்? துன்புறுத்தலால் அன்று என்பதை முதலில் கூறல் வேண்டும். உள்ளிருந்த பிளவு ஒரு காரணம். மட்டாஞ்சேரியின் பரதேசிப் பள்ளியில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர்க்குச் சமஉரிமை மறுக்கப்பட்டது. அவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்தியடிகளின் நெறியில் அறப்போர் நடத்தி அத்தடையைத் தளர்த்தினார். தடை தளர்ந்தபோது சமூகமே புறப்பட ஆயத்தமாகியிருந்தது.

1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. முன்னோர் நாடு திரும்புதல் அவர்க்கு நாள்தோறும் வேண்டிய வேண்டுதல். ஏறத்தாழ 2500 பேர் கொண்ட கொச்சி யூதருள் மிகப் பலர் உடைமைகளை விற்றுவிட்டுக் காத்திருந்தனர். யானைக்கால் நோய் பரவுமோ என்னும் அச்சத்தால் இஸ்ரேல் அரசு அவர்களை உடனே ஏற்கவில்லை. சேலம் நேரிற்சென்று வாதாடினார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராகப் புறப்பட்டனர்.

யூதர் கூட்டு வழிபாடு நிகழ்த்தப் பருவமெய்திய ஆடவர் பதின்மர் வேண்டும். பத்தாமவர் சென்றுவிட்டால், எஞ்சிய ஒன்பதின்மர் எத்துணைப் பக்தியுடையராயினும் அவ்வழிபாடு நிகழாது. ஆகவே சிற்றூர்ப் பள்ளி சிறிது சிறிதாகத் தேய்வதில்லை. ஒரு நாளில் நின்றுவிடுகிறது.

மாள ஊரின் யூதர் 1955இல் தம் பள்ளியையும் கல்லறை நிலத்தையும் ஊராட்சியிடம் ஒப்படைத்து, அவற்றைக் காக்குமாறு உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். பின்னர்ப் பள்ளி பொதுக்கூடமாயிற்று. கல்லறைகளுள் மிகச் சிலவே எஞ்சின. சேந்தமங்கலத்துப் பள்ளியும் பரவூர்ப் பள்ளியும் பழுதுபார்க்கப்பட்டு அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. மக்களோ, நேகேவ் பாலைவனத்தின் நெவாத்தீம் போன்ற குடியிருப்புகளில் வேளாண்மை செய்து, பூக்களும் விளைவித்து நிலைபெற்றனர். மகளிரின் பாட்டேடுகளை அறிஞர் திரட்டினர். கட்டடத்தோடு தங்கிவிடாது மக்களோடு சென்றது அம்மரபு.

ஏலமலையின் கிழக்கே, கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் இருக்கிறது. 1895 முதல் முல்லைப்பெரியாற்று அணையினின்றும் வரும் அதே பெரியாற்று நீர் பாயும் ஊர் அது. அங்கே கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி அடிகளின் பெயரை வட்டெழுத்து இன்றும் தாங்கி நிற்கிறது. யூதத் தலைவனின் செப்பேட்டை எழுதிய எழுத்தும் அதுவே. மலையின் இருபுறத்தும் ஒரே ஆற்றின் நீரருகே இரண்டு பள்ளிகள். இரண்டிலும் கல் எஞ்சியது, ஓதுவோர் இலர்.

கல்லைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. பத்தாமவரை ஊரில் இருத்துவதும், பாட்டேட்டைப் பேத்தியின் கையில் சேர்ப்பதும் சமூகத்தின் கடமை. எண்ணிக்கையில் சிறியோர் அதனை ஒரு தலைமுறைக்குக்கூட ஒத்திவைத்தல் ஆகாது.