வீட்டு முற்றத்தில் பிறந்த ஊர்வலம்

ஜனவரி 1 காலையில் கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்து ரோஜா அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது பெரும் பணத்தின் விழாவாகவே தெரியும். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளும் பாதையில் வரும் அலங்கார ஊர்திகளில் பெரும்பாலானவற்றை அதையே தொழிலாகக் கொண்ட சில நிறுவனங்கள் கட்டித் தருகின்றன. ஓர் ஊர்திக்கே லட்சக்கணக்கான டாலர் செலவாகும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் ஊர்வலத்தில் ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்தில் பலகையும் காகிதமும் வைத்துச் செய்து இழுத்துவரும் வண்டி, பெரியதைப் பார்த்து ஆசைப்பட்டுச் செய்த எளிய நகலாகத் தோன்றலாம். பாசடீனாவின் வரலாறு இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. வீட்டு வண்டிதான் முதலில் வந்தது, நிறுவனத்து ஊர்தி அதிலிருந்து கிளைத்தது. கிளை பெருத்து வேரை மறைத்துவிட்டபோது, அந்த நகரத்து மக்கள் தங்கள் விழாவுக்கே வேடிக்கை பார்ப்பவர்களாகிப் போனார்கள் என்பது என் வாதம்.

1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாசடீனாவின் மக்கள்தொகை 4,882. நகரமாகப் பதிவாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டின் புத்தாண்டு நாளில் வேலி ஹண்ட் கிளப் என்ற வேட்டைச் சங்கம் முதல் ஊர்வலத்தை நடத்தியது. அதை முன்மொழிந்தவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்ற இயற்கையியல் எழுத்தாளர். பிரான்சின் நீஸ் நகரில் 1876 முதல் நடந்துவந்த மலர் விழா அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. அன்றைய ஏற்பாட்டில் நம் கவனத்துக்குரியது ஒன்றுதான்: அலங்காரம் செய்வதற்கென்று தனியாக யாரும் இல்லை. அன்றாடம் கடைக்கும் தேவாலயத்துக்கும் போய்வந்த அதே குதிரைவண்டியை அந்தந்த வீட்டார், தங்கள் தோட்டத்துப் பூவைக் கொண்டே அலங்கரித்தார்கள். சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடி சுற்றினார்கள், குதிரையின் கழுத்தில் மாலை போட்டார்கள், பிள்ளைகளை வெள்ளுடையில் உட்காரவைத்தார்கள். பிற்பகலில் ஓட்டப்பந்தயம், கயிறு இழுத்தல், பாய்ந்துவரும் குதிரைமேல் இருந்தபடி ஈட்டி முனையில் வளையத்தைக் கோத்தெடுக்கும் போட்டி. ஏறக்குறைய 2,000 பேர் கூடினார்கள். வண்டியில் வந்தவர்களும் ஓரத்தில் நின்றவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்திருக்கக்கூடிய அளவு ஊர் அது.

இதை அழகுபடுத்திச் சொல்கிறேன் என்று ஒருவர் மறுக்கலாம், அந்த மறுப்பில் நியாயம் உண்டு. தென் கலிபோர்னியாவில் 1880-களின் நடுவே புதிய ரயில் பாதை வந்ததும் மனை விலை ஏறியது, 1888-இல் சரிந்தது. பனியில் உறைந்து கிடந்த கிழக்கு மாநிலங்களுக்கு, எங்கள் ஊரில் ஜனவரியிலும் ரோஜா பூக்கிறது என்று காட்டுவது வெறும் கொண்டாட்டமன்று, ஆள் சேர்க்கும் விளம்பரமும்தான். தவிர, வேட்டைச் சங்கத்தில் உறுப்பினராகிச் சொந்தமாகக் குதிரையும் வண்டியும் வைத்திருந்தவர்கள் ஏழைகள் அல்லர். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழாவை நடத்தியவர்களின் நோக்கம் வேறு, விழாவைச் செய்த கைகள் வேறு. விளம்பரம் மட்டுமே வேண்டியிருந்தால் ஒரு பெரிய தேரைக் காசு கொடுத்துச் செய்து உலாவிட்டிருக்கலாம். அந்தத் தொழிலைச் செய்யப் பாசடீனாவில் ஆள் இல்லாததால் வீடுகளை நம்ப வேண்டியிருந்தது, அப்படி நம்பியதால் பூவை எப்போது பறிப்பது, எப்படிக் கட்டினால் மதியம்வரை வாடாது, எந்த இலை குலுங்கினாலும் உதிராது என்ற அறிவு வீடுகளில் சேர்ந்தது. பின்னால் வந்த தொழில் நின்றது இந்த அறிவின் மேல்தான்.

அதற்கு இசபெல்லா கோல்மனின் வாழ்க்கையே சான்று. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளிப் பருவத்தில், ஒரு குதிரைவண்டியை அலங்கரிக்கத் தொடங்கியவர் அவர். அரை நூற்றாண்டுக்குமேல் அதே வேலையைச் செய்து, அணிவகுப்பின் மிகப் பெயர்பெற்ற தொழில்முறைக் கலைஞரானார். தொழில் வெளியிலிருந்து வந்து இறங்கவில்லை, வீட்டு வண்டியில் கைபழகியவரே அதைத் தொழிலாக்கினார். மற்ற மாற்றங்கள் தெரிந்தவையே. 1895-இல் விழா தனிச் சங்கத்தின் கைக்குப் போனது. 1901-இல் மோட்டார் வண்டிகள் அனுமதிக்கப்பட்டன, குதிரைகள் மிரளாதபடி வரிசையின் கடைசியில். 1954-இல் நாடு முழுவதும் வண்ணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கேமராவுக்கு உயரம் வேண்டும், அசைவு வேண்டும். பாதையின் கடைசிப் பகுதியில் நெடுஞ்சாலைப் பாலம் குறுக்கே வருவதால், உயரமான ஊர்தி அதன் அடியில் நுழையும்போது தன்னை மடக்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஹைட்ராலிக்ஸ், பற்றவைப்பு, பொறியாளரின் கணக்கு என்று வேலை விரிந்துகொண்டே போனது. ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடிக்கும் காரியமாக அது இனி இல்லை. யாரும் குடும்பங்களைத் துரத்தவில்லை, விதிகளும் செலவும் அந்த வேலையைச் செய்தன.

ஆனாலும் வேர் அற்றுவிடவில்லை. தாமே கட்டுவோர் என்ற பிரிவில் இன்றும் சில ஊர்கள் தொழில் நிறுவனங்களை நாடாமல் பங்கேற்கின்றன: சவுத் பாசடீனா, சியரா மாட்ரே, பர்பேங்க், டவுனி, லா கன்யாடா ஃப்ளின்ட்ரிட்ஜ். இவற்றில் மிகப் பழையது சவுத் பாசடீனா. இவை சங்கங்கள்தானே, குடும்பம் எங்கே வந்தது என்று கேட்கலாம். பெயரில் சங்கம், உழைப்பில் வீடு என்பேன். சம்பளமில்லாமல் மாலை வேளைகளில் இரும்பை வளைப்பவர்கள் அண்டை அயலார். இங்கே அணிவகுப்பின் ஒரு பழைய விதி துணைநிற்கிறது: ஊர்தியின் வெளிப்பரப்பு முழுவதும் பூ, விதை, இலை, பட்டை போன்ற இயற்கைப் பொருளால் மூடப்பட்டிருக்க வேண்டும். விதையை ஒட்டவும் இதழைப் பதிக்கவும் இயந்திரம் உதவாது, பல நூறு கைகள் வேண்டும். அதனால் லட்சங்கள் செலவழிக்கும் நிறுவனமும் டிசம்பர் கடைசி வாரத்தில் தொண்டர்களைத்தான் தேடுகிறது.

வேர் இன்னொரு வழியிலும் முளைத்தது. 1893 முதல் ஞாயிற்றுக்கிழமையில் ரோஜா அணிவகுப்பு நடப்பதில்லை. தேவாலய வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் வெருளக்கூடாது என்பது அன்றைய காரணம். 1978-இல் ஜனவரி 1 ஞாயிறாக அமைந்தது. அணிவகுப்பு வழக்கமாகச் செல்லும், அன்று காலியாக இருந்த கொலராடோ சாலையில் நகரத்துக்காரர்கள் சிலர் டூ டா அணிவகுப்பு என்ற தங்கள் சொந்த ஊர்வலத்தை நடத்தினார்கள். தேர்வு கிடையாது, பரிசும் கிடையாது, கையில் கிடைத்ததைக் கொண்டு வேடம் கட்டிக்கொண்டு யாரும் வரலாம். இதைக் கேலிக்கூத்து என்று ஒதுக்குபவர்கள், எந்த ஊரில் அது முளைத்தது என்பதைக் கவனிப்பதில்லை. உலகமே பார்க்கும் அணிவகுப்பு உள்ள ஊரிலேயே மக்களுக்கு இன்னொன்று தேவைப்பட்டிருக்கிறது.

கடினமான மறுப்பு வேறொன்று. சிற்றூர் விழா எல்லோருடையதும் அன்று, யார் ஏறலாம் என்பதை ஊரின் சாதிக்கு நிகரான நிறவேற்றுமை தீர்மானித்தது என்பது அது. 1957-இல் பாசடீனா நகராட்சி தன் பெண் ஊழியர் ஒருவரை நகரத்தின் அழகியாகத் தேர்ந்தெடுத்தது. அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும், வரவிருந்த ஜனவரியில் அவருக்கான ஊர்தி இல்லாமல் போனது. 2015-இல்தான் அவர் ஊர்தியில் ஏறினார். 57 ஆண்டுகள் தாமதமான அந்தப் பயணத்தை எந்த நல்ல சொல்லாலும் ஈடுசெய்ய முடியாது. கையால் செய்வது தானாகவே நீதியைக் கொண்டுவராது என்று இதிலிருந்து ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைத் தடுத்தது, வாசலில் நின்று இடம் பகிர்ந்துகொடுத்த அதிகாரம். தன் வண்டியைத் தானே செய்துவருபவருக்கு அந்த வாசல் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைக் கொண்டே ஓர் ஊர்வலத்தை அளக்க வேண்டும் என்பதற்கு இந்த நிகழ்வே வலுவான காரணம்.

தாமே கட்டினால் தரம் குறையாதா என்று கேட்பவர்களுக்குக் கால் பாலி பல்கலைக்கழக மாணவர்களின் வரலாறு பதில். 1949-இல் ஆடுகுதிரை வடிவில் வந்த அவர்களுடைய முதல் ஊர்திக்குச் செலவு 258 டாலர், அவகாசம் 90 நாள். இன்று பொமோனா வளாகம் ஒரு பாதியையும் சான் லூயிஸ் ஒபிஸ்போ வளாகம் மறு பாதியையும் கட்டி, சில நூறு கிலோமீட்டர் கடந்து கொண்டுவந்து இணைக்கிறார்கள். ஊர்தியின் உருவங்களை அசைக்க 1968-இல் ஹைட்ராலிக்ஸையும் 1978-இல் கணினியையும் பயன்படுத்தியவர்கள் இந்த மாணவர்கள்தான்.