பூனைகள் நடந்த பெல்ட்

பக்கவாத நோயாளியை டிரெட்மில் பக்கம் கூட்டிப்போனால் கூட வந்தவர்களின் முகம் மாறிவிடும். "அப்பாவுக்கு ஹார்ட்டும் பாக்கணுமா மேடம்?" என்று கேட்பார்கள். எங்கள் மதுரைப் பக்கத்தில் அந்த மெஷினைப் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது இதயத்துக்கான டி.எம்.டி. டெஸ்ட்டுக்குப் போகும்போதுதான். ஆகவே சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த டெஸ்ட்டுக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்த கணக்கு வேறு. அதன் முதல் கட்டமே 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 1.7 மைல், அதாவது விநாடிக்கு முக்கால் மீட்டர். ஒரு காலை இழுத்து நடக்கும் மனிதருக்கு, என் கையில் பல மாதம் பயிற்சி எடுத்த பிறகும், சமதரையில்கூட அந்த வேகம் வராமல் போவதுண்டு.

கொஞ்சம் படித்தவர்கள் வேறொரு கதை சொல்வார்கள்: டிரெட்மில் என்பது ஆங்கிலேயர் சிறையில் கைதிகளை வதைக்கக் கண்டுபிடித்தது என்று. வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818 வாக்கில் அதை வடிவமைத்தார், 1821-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அது சுழன்றது, ஆஸ்கார் வைல்டும் அதில் மிதித்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது படி வைத்த பெரிய உருளை. கைதி அதில் ஏறிக்கொண்டே இருந்தார், நடக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அது வழக்கொழிந்தும் போனது. நாங்கள் நோயாளியை நடக்கவைக்கும் டிரெட்மில் பெல்ட்டுக்கு அதைத் தாத்தா என்று சொல்வது வம்சாவளியை மாற்றி எழுதுவதாகும். 1889-இல் பெர்லின் விவசாயக் கல்லூரியில் நாதன் ட்சுன்ட்ஸ், குதிரை நடக்கும்போது எவ்வளவு மூச்சு செலவாகிறது என்று அளக்கக் கட்டிய ஓடுதளம் வேண்டுமானால் ஒன்றுவிட்ட உறவு. நேர் வம்சம் பூனைகளுடையது.

1911-இல், லிவர்பூலில் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டனின் ஆய்வுக்கூடத்தில் இருந்த தாமஸ் கிரகாம் பிரவுன் ஒரு விஷயத்தைக் காட்டினார். தண்டுவடத்தை வெட்டி மூளையின் கட்டளையைத் துண்டித்து, காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் அறுத்த பிறகும், பூனையின் பின்கால் தசைகள் நடையின் தாளத்தில் மாறி மாறிச் சுருங்கின. நடையின் அடிப்படைத் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது என்றார். அதை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர் பின்னாளில் மோன் பிளாங்க் மலையின் பிரென்வா முகத்தில் புதுப் பாதைகளில் ஏறிப் பெயர் வாங்கினார். நடையைப் பற்றி அவர் சொன்னது அரை நூற்றாண்டு தூங்கியது.

1966-இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஒர்லோவ்ஸ்கி மூவரும் மேல் மூளை நீக்கிய பூனையை ஓடும் பெல்ட்டின் மேல் நிறுத்தி, நடுமூளையின் ஒரு புள்ளியில் மின்சாரம் கொடுத்தார்கள். பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டியதும் ஓட்டம், இன்னும் கூட்டியதும் பாய்ச்சல். பிறகு 1978-இல் ஸ்வீடன்காரர் ஸ்டென் கிரில்னரும் கனடாவின் செர்ஜ் ரோசிக்னோலும் கண்டது, தினமும் தரையில் உட்கார்ந்து கால் பிடிக்கும் என் போன்றவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். தண்டுவடம் வெட்டிய பூனையின் பின்கால் எப்போது தூக்கி முன்னே வருகிறது? இடுப்பு மூட்டு போதுமான அளவு பின்னால் நீளும்போது. இடுப்பைப் பின்னால் போகவிடாமல் தடுத்தால் கால் எழும்பாது.

இதை நோயாளியோடு பொருத்திப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர் நல்ல காலை முன்னே வைப்பார். கெட்ட கால் பின்னால் நீள்வதற்குள் பயத்தில் அவசரமாக இடுப்பைத் தூக்கி, அந்தக் காலை வெளிப்பக்கமாக வட்டமடித்து வீசுவார். பெல்ட்டில் அந்த அவசரம் எடுபடாது. ஊன்றிய காலைப் பெல்ட்டே பின்னால் இழுத்துப் போகிறது. இடுப்பு நீள்கிறது, முன்தொடைப் பக்கம் இழுபடுகிறது, அடுத்த கணம் கால் தானாக முன்னே வரப் பார்க்கிறது. பத்து தடவை வாயால் சொல்லியும் வராதது, பெல்ட் ஓடத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் வருவதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அல்ல. வருகிறவர்களுக்கு வருகிறது.

1987-இல் மான்ட்ரியலில் ஊக் பார்போவும் ரோசிக்னோலும், தண்டுவடம் வெட்டப்பட்ட வளர்ந்த பூனைகளைப் பெல்ட்டில் பழக்கினார்கள். ஆரம்பத்தில் வாலைப் பிடித்துத் தாங்க வேண்டியிருந்தது. போகப்போகப் பாதத்தை ஊன்றி, தன் பின்பாரத்தைத் தானே தாங்கி நடந்தன. பூனையின் வாலைப் பிடித்த கைக்குப் பதிலாக மனிதருக்கு மேலிருந்து தொங்கும் பட்டைக்கட்டு. உடல் எடையில் ஒரு பங்கை அது சுமக்கும், மீதியைக் கால் சுமக்கும். ஜெர்மனியில் அன்டன் வெர்னிக் தண்டுவடம் அடிபட்டவர்களை இப்படி நடக்கவைத்து 1992-இல் எழுதினார். பக்கவாதத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நிற்பவர் பெர்லினின் ஸ்டெஃபான் ஹெஸ்ஸே.

அவர் எதை எதிர்த்து நின்றார் என்று தெரிந்தால்தான் அந்த அருமை புரியும். நாங்கள் படித்தபோது வகுப்பில் வேதம் மாதிரி இருந்தது போபாத் முறை. பெர்டா போபாத் பெர்லினில் உடற்பயிற்சி கற்றவர், நாஜிகள் காலத்தில் லண்டனுக்குத் தப்பி வந்தவர். 1943-இல் பக்கவாதம் வந்த ஓர் ஓவியருக்குச் சிகிச்சை செய்யும்போது, சரியான நிலையில் பிடித்து அசைத்தால் கையின் இறுக்கம் தளர்வதைக் கண்டார். அவர் கணவர் டாக்டர் கரேல் அதற்கு நரம்பியல் விளக்கம் கொடுத்தார். பெரிய பங்களிப்புதான். ஆனால் அதிலிருந்து ஒரு சட்டம் முளைத்தது: முதலில் இறுக்கத்தைத் தணி, உடம்பை நேராக்கு, நடை அப்புறம். தப்பாக நடக்கவிட்டால் தப்பே பழகிவிடும், விறைப்பு கூடிவிடும் என்று எங்களை மிரட்டி வைத்திருந்தார்கள். நம் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் காலைத் தயார்செய்துவிட்டு நடைவண்டி வாங்கித் தருவதில்லை.

ஹெஸ்ஸே 1994-இல் நடக்கவே முடியாத 9 பேரை எடுத்துக்கொண்டார். மேலே கட்டு, ஒரு தெரபிஸ்ட் பெல்ட் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தை எடுத்து வைக்க, இன்னொருவர் பின்னால் நின்று இடுப்பைத் தள்ள. நடை தேறியது, பயந்தபடி விறைப்பு கூடவில்லை. அடுத்த வருடம் 7 பேருக்கு மூன்று வாரம் பெல்ட், மூன்று வாரம் போபாத், மறுபடி மூன்று வாரம் பெல்ட். பெல்ட் வாரங்களில்தான் நடை முன்னேறியது. அவர் சொன்ன கணக்கு எளிமையானது: வழக்கமான இருபது நிமிடப் பயிற்சியில் 50 முதல் 100 எட்டு, பெல்ட்டில் 1000 வரை. 1998-இல் மான்ட்ரியலில் மார்த்தா விசின்டின் குழுவினர் 100 பேரைப் பெல்ட்டில் ஏற்றி, பாதிப் பேருக்கு எடையில் 40 சதவீதம் வரை தாங்கினார்கள். தாங்கப்பட்டவர்கள் நன்றாக நடந்தார்கள்.

இதற்குள் தெரபிஸ்ட்டுகளின் முதுகு போயிற்று. குனிந்து உட்கார்ந்து நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவை இன்னொருவர் பாதத்தைத் தூக்குவது விளையாட்டல்ல. ஹெஸ்ஸே மிதிபலகை வைத்த இயந்திரம் செய்தார். சூரிச்சில் காலையே மாட்டி நடத்தும் லோகோமேட் வந்தது. விலையைப் பார்த்தால் இது கால் ஊன்றாதவரையும் ஓடவைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் 2008, 2009-இல் அமெரிக்காவில் நடந்த இரண்டு ஒப்பீடுகளிலும், கொஞ்சம் நடக்கத் தெரிந்தவர்களுக்கு மனிதக் கையால் கிடைத்த பயிற்சியே மேலாக இருந்தது. இயந்திரம் முழுவதையும் செய்துகொடுத்தால் நோயாளி எதற்குச் சிரமப்படுவார்?

பெரிய அடி 2011-இல் விழுந்தது. பமேலா டங்கன் தலைமையில் நடந்த ஆய்வில் 408 பேர். ஒரு குழுவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதத்தில் பெல்ட் பயிற்சி, இன்னொன்றுக்கு ஆறு மாதம் கழித்து. மூன்றாவது குழுவுக்குப் பெல்ட்டே இல்லை. தெரபிஸ்ட் வீட்டுக்குப் போய் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லித்தந்தார். எல்லோருக்கும் 36 தடவை, ஒவ்வொன்றும் 90 நிமிடம். பெல்ட் ஜெயிக்கும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் 52 சதவீதம் பேர் நடையில் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். குழுக்களுக்குள் வித்தியாசம் இல்லை. பெல்ட்டில் ஏறியவர்களுக்குத் தலைசுற்றல் அதிகம் வந்ததுதான் மிச்சம்.

பெல்ட் தோற்றது என்று எழுதினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. 36 தடவை 90 நிமிடம் என்பதைப் பாருங்கள். எங்கள் ஊரில் டிஸ்சார்ஜ் ஆன பின் பத்து நாள் பிசியோ பார்த்துவிட்டு, எண்ணெய் தேய்க்க ஆள் வைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, அந்த ஆறு மாதம் காத்திருந்த குழு. நடுவில் பின்தங்கியிருந்தவர்கள் வருட முடிவில் மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள். "ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான், அப்புறம் வராதாமே" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் இந்த ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன்.

56 ஆய்வுகளையும் மூவாயிரம் பேருக்கு மேலானவர்களையும் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு கோக்ரேன் மதிப்பீடும் விஷயத்தை இடத்தில் வைத்தது: பெல்ட் பயிற்சியால் நடக்காதவர் தனியாக நடக்கும் வாய்ப்பு கூடுவதில்லை, ஏற்கெனவே நடப்பவரின் வேகமும் தாக்குப்பிடிப்பதும் கூடலாம். நான் பெல்ட்டில் ஏற்றுவதும் இப்போது ஏற்கெனவே நடப்பவர்களைத்தான். விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே இருப்பவர் வீட்டுக்குள் நடப்பவர், 0.8-ஐத் தாண்டியவர் ஊருக்குள் போய்வரக் கூடியவர் என்று 1995-இல் ஜாக்குலின் பெர்ரி வகுத்த அளவு இன்றும் எங்கள் கைக்கோல். நடுவில் இருப்பவரைக் கடைத்தெரு வரை கொண்டுபோகப் பெல்ட் நல்ல உதவி.

"வீட்டுக்கே ஒண்ணு வாங்கிரட்டுமா மேடம்?" என்று மகன்கள் கேட்கிறார்கள். கடையில் போய், எவ்வளவு மெதுவாக ஓடும் என்று முதலில் கேளுங்கள் என்பேன். மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கீழே இறங்காத மெஷின் அப்பாவுக்கு ஆகாது. கைப்பிடி இரண்டு பக்கமும் நீளமாக இருக்க வேண்டும், ஏறினவுடன் ஓடக் கூடாது, சட்டையில் மாட்டும் நிறுத்தக் கயிறு வேண்டும், பின்னால் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். அப்படி நிற்க தினமும் வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டால் பலர் யோசிக்கிறார்கள். உண்டு என்பவர்களிடம், அந்த ஆளோடு காலையில் தெருவில் இரண்டு தடவை போய்வரட்டும், மெஷினை அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்புகிறேன்.