பெயர் வெட்டிய தாம்பாளம்

சிரம்பானிலிருந்து ரந்தாவ் வழியாக லிங்கிக்கும், அதைக் கடந்து போர்ட் டிக்சனுக்கும் செல்லும் பாதைகளில் அடிக்கடி பிரயாணம் செய்யும் நேயர்கள், தோட்டத்துச் செம்மண் சாலை வந்து கூடும் முனைகளில் ஒரு சிறு லாரி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அது பழஞ்சாமான் வாங்குகிறவருடைய லாரி. பஸ் போகாத லயங்களுக்கும், ரெம்பாவ் பக்கத்து மலாய்க் கம்பங்களுக்கும், கோலப்பிலாவின் சீனர் கடைவீடுகளுக்கும் அவர் போவார். அங்கே வாங்கியது மலாக்காவின் ஜோங்கர் தெருவிலோ கோலாலம்பூரிலோ விலையாகும். இம்மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் எனக்கு, ஆபீசுக்கு எதிரில் அந்த லாரி வந்து நிற்பதும், பாரம் கூடித் திரும்புவதும் பழகிப்போன காட்சி. அந்தப் பாரத்தோடு நம்மவருடைய சரித்திரம் எவ்வளவு போகிறது என்பதே இங்கே நான் சொல்லப் புகுந்த விஷயம்.

தொழில் புதிதன்று. சாக்குப் பையும் கைத்தராசுமாக வீடுவீடாய்ச் சென்று, பழைய போத்தல், பத்திரிகை, ஈயம், பித்தளை ஆகியவற்றை நிறுத்து வாங்கியவர்கள் நம் பாட்டனார் காலத்திலேயே உண்டு. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இவர்களுக்குக் 'காருங் கூனி' என்று பெயர். மலாய் மொழியில் 'காருங்' என்றால் சாக்கு. 'கூனி'யோ இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சொல், நம்முடைய கோணிக்கு உறவு. சாக்குக்கே சாக்கு என்று பெயரிட்டது போலாயிற்று! பழம்பொருள் வாங்குவோர் லைசென்சு பெற வேண்டுமென்று 1946-லேயே சட்டம் பிறந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் கவலையெல்லாம் திருட்டுச் சாமானைப் பற்றியது.

நிறுத்து வாங்கிய காலத்தில் குத்துவிளக்கும் உடைந்த குழாயும் பித்தளை என்ற ஒரே ஜாதி. இன்று வருகிறவர் தராசை லாரியிலேயே வைத்துவிட்டு, கண்ணால் எடை போடுகிறார். பால் மரத்தில் கட்டிய பழைய பீங்கான் மங்கு, அரிக்கன் விளக்கு, அடுக்குச் சோற்றுப்பாத்திரம், மிதிக்கும் சிங்கர் தையல் இயந்திரம் என்று தனித்தனியே கேட்கிறார். சிங்கர் இயந்திரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அதன் ஊசிக்குள் விலைமதிப்பற்ற 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறதென்று 2009-ல் சவூதி அரேபியாவில் ஒரு புரளி கிளம்பி, ஓட்டை இயந்திரத்துக்கெல்லாம் ஜனங்கள் பணத்தைக் கொட்டினார்கள். நம் நாட்டில் இரிடியக் கலசம் என்று சொல்லி ஏமாற்றும் கூட்டத்துக்கு அண்ணன் தம்பிகள் அங்கேயும் இருக்கிறார்கள் போலும்.

லயத்து வீடுகளில் வியாபாரி தவறாமல் கேட்கும் பொருள் ஜப்பானியர் காலத்து நோட்டு. 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால், ஜனங்கள் எல்லா நோட்டையுமே வாழைமர நோட்டு என்றார்கள். முதலில் வந்தவற்றில் வரிசை எண் இருந்தது. பின்னர் எண்ணும் போய், மலாயாவைக் குறிக்கும் எம் என்ற எழுத்தில் தொடங்கும் அடையாளம் மட்டும் நின்றது. எண்ணற்ற நோட்டை எண்ணாமல் அடித்துத் தள்ளினார்கள். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அது செல்லாக் காசாயிற்று. நகையை விற்று மரவள்ளிக் கிழங்கு தின்றவர்களின் பெட்டியடியிலும் தலையணைக்குள்ளும் அந்தக் காகிதம் தங்கிவிட்டது.

இன்று சேகரிப்போர் எண்ணுள்ள நோட்டுக்கு நல்ல விலையும், எண்ணில்லாததற்கு அற்ப விலையும் கொடுக்கிறார்கள். வியாபாரி அதைத்தான் பார்ப்பார். ஆனால் யுத்தத்தின் கடைசியில் வெளியான நூறு வெள்ளி நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் அச்சாகியிருப்பது ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளரின் சித்திரம்! அவர்களில் பல்லாயிரம் பேரைச் சயாமுக்கு ரெயிலேற்றி, 415 கிலோமீட்டர் மரண ரெயில்பாதையில் மண் சுமக்க விட்டவர்களே, அவர்கள் உருவத்தை நோட்டில் போட்டு மலாயாவில் செலவழித்தார்கள். எந்த லயத்துப் பெட்டியில் எத்தனை நோட்டு இருந்தது, அந்த வீட்டில் சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாங்கினால், ஒரு கட்டு நோட்டு ஒரு தோட்டத்தின் யுத்தகாலச் சரித்திரமாகிவிடும். எழுதாமல் வாங்கினால் அது ஆல்பத்தில் ஒட்டும் காகிதந்தான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் பித்தளையில் நடக்கிறது. பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் நம்மவருக்குப் பழையது. பாத்திரக் கடைக்காரர் சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு, புள்ளி புள்ளியாய்க் குத்தி, கொடுத்தவர் பெயர், ஊர், சில சமயம் தேதி ஆகியவற்றை விளிம்பில் எழுதித் தருவார். கலியாணத்தில் தாய்மாமன் வைத்த குடம், சேர்ந்து வேலை செய்தவர்கள் கூடி வாங்கிக் கொடுத்த தாம்பாளம், கோயிலுக்கு 'உபயம்' என்று வெட்டிய மணி, அண்டா, விளக்கு: இவை ஒவ்வொன்றும் ஒரு சாசனம். இம்மாநிலத்திலேயே, லிங்கி ஆற்றுப் பக்கம் பெங்காலான் கெம்பாசில் 1467-ஆம் வருஷத்துக் கல்வெட்டு நிற்கிறது; அறிஞர்கள் அதைப் படித்து நூல்களில் எழுதினார்கள். நம் முன்னோருக்குக் கல்லில் வெட்ட வசதியில்லை. பித்தளையில் வெட்டினார்கள்.

கிராணி என்ற முறையில் ஒன்று சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. தோட்டத்தில் எழுத்தில் நின்ற சரித்திரம் செக்ரோல் புத்தகந்தான். அதில் ஆளின் பெயர் ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி இருக்கும். முத்துசாமி என்ற ஒரே மனிதர் நான்கு மாதத்தில் நான்கு விதமாய் எழுதப்பட்டிருப்பார். அவர் மனைவியின் பெயர் அவள் பேர் பதிந்த நாளில் மட்டும் இருக்கும். ஊர்ப் பெயரைத் தேட வேண்டியதில்லை, இராது. தாம்பாளத்திலோ அவர் தம் பெயரைத் தமிழில், தாம் விரும்பியபடி, மனைவி பெயரையும் கூட்டி எழுதச் செய்தார். சம்பளக் கணக்குக்காக எழுதிய பெயர் ஒன்று, தமக்காக எழுதிக்கொண்ட பெயர் ஒன்று. இரண்டாவதே இப்போது லாரியில் ஏறுகிறது. ஏறியபின் என்னவாகிறது? வாங்கும் சீமான் வீட்டுக் கூடத்துக்கு யாரோ ஒரு முத்துசாமியின் பெயர் அழகில்லையாம். ஆகவே வியாபாரி அதைத் தேய்த்துவிடுகிறார். தேய்ப்புக் கூலி என்று விலையிலும் கழித்துக்கொள்கிறார்.

இலங்கைத் தோட்டங்களின் கதையை இதோடு வைத்துப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைக்குப் போன தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். எந்த ஜில்லா, எந்தத் தோட்டம் என்பதற்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அதில் இருந்தன. ஆளின் பெயர் இல்லை. அதற்கும் முந்திய காப்பிக் காலத்தில் கூலிக்கணக்குக்காக வழங்கிய டோக்கன் காசுகளையும், சுமாத்திராவின் டெலி புகையிலைத் தோட்டங்கள் அடித்த டோக்கன்களையும் இன்று நாணயப் பிரியர்கள் பட்டியல் போட்டுத் தேடி வாங்குகிறார்கள். முதலாளி முத்திரையிட்ட உலோகத்துக்கு மேனாட்டில் பட்டியல்; தொழிலாளி பெயர் வெட்டிய உலோகத்துக்கு அரம்.

செல்வர் வீட்டுக்கும் இந்த லாரி போகிறது. மலாயா ரப்பரும் பர்மா நெல்லும் கொடுத்த பணத்தில் செட்டிநாட்டில் எழுந்த மாளிகைகளின் தேக்குத் தூண்களும், ஐரோப்பாவிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்களும், நிலைக்கதவுகளும் இன்று காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. 1942-ல் பர்மா கைவிட்டுப் போனதும், பங்காளிகள் பிரித்துக்கொண்டதும், வீட்டைப் பராமரிக்க முடியாமல் போனதும் அதற்குக் காரணங்கள். செட்டிநாட்டு வாயில் நிலை ஒன்று, நுண்ணிய சிற்பங்களோடு, 2015-ல் திறந்த சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையத்தில் நிற்கிறது. அதன் அதிர்ஷ்டம் நல்லது.

பொருளோடு அதன் ஊர்ப் பெயரும் ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சைப் பகுதியிலிருந்து ஒரு வழக்கைச் சொல்லலாம். 1976-ல் பத்தூர் என்ற ஊரில் மண் தோண்டிய ஓர் ஏழைத் தொழிலாளிக்கு நடராஜர் சிலை கிடைத்தது. அவர் அதை ரூ.200-க்கு விற்றார். கைமாறிக் கைமாறி, 1982-ல் லண்டனில் ஒரு கனடா எண்ணெய்க் கம்பெனி அதை வாங்கியபோது விலை இரண்டரை லட்சம் பவுன்! பொய்ச் சரித்திரம் ஒன்றும் அதற்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சிலையில் ஒட்டியிருந்த மண்கூடச் சாட்சியாய் வந்தது. 1991-ல் சிலை தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. ஒட்டியிருந்த மண்ணுக்கே அவ்வளவு பலம் இருந்ததென்றால், விளிம்பில் வெட்டிய எழுத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

நெகிரி செம்பிலானில் இனி அவகாசம் அதிகமில்லை. 1960-களிலிருந்து ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் சிரம்பானையும் நீலாயையும் சுற்றிய தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. லயம் இடிபடும் செய்தி குடியிருப்போருக்கு எட்டும்போதே வியாபாரிக்கும் எட்டிவிடுகிறது. புது வீட்டில் இடமில்லை என்று பாட்டியின் அண்டாவை அன்றைக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. லாரி வாடகைக்கே பணம் வேண்டியிருக்கும் நேரம் அது. 2005-ஆம் வருஷத்துத் தேசிய மரபுச் சட்டம் புதையலைப் பற்றிப் பேசுகிறது, நினைவுச் சின்னங்களைப் பற்றிப் பேசுகிறது. நம் அடுப்படிவரை அது வருவதில்லை.

விற்பவர் விற்கட்டும். விற்குமுன் மெல்லிய காகிதத்தை எழுத்தின்மேல் அழுத்திப் பென்சிலால் தேய்த்தால் பெயர் அப்படியே பதிந்துவிடும். கல்வெட்டுக்காரர்கள் மையொற்றிப் படியெடுப்பதும் இம்முறைதான். கைத்தொலைபேசியில் படம் பிடிப்பது அதனினும் சுலபம். அதன் கீழே தோட்டத்தின் பெயர், எந்தத் தலைமுறை, யார் யாருக்குக் கொடுத்தது என்று நாலு வரி எழுதி, பக்கத்துத் தமிழ்ப் பள்ளியிலோ கோயில் கமிட்டியிடமோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைக்க அரை மணி நேரம் போதும். கோயில் மணியையும் உபயப் பாத்திரத்தையும் மட்டும் விற்கவே கூடாது. அவை கமிட்டிக்காரர் சொத்தல்ல, கொடுத்தவர் சொத்து.

எங்கள் பக்கம் வரும் வியாபாரிகளில் ஒருவரிடம் இதையெல்லாம் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். அவர் இப்போது சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறார். சாமான் வாங்கிய தோட்டத்தின் பெயரையும், விளிம்பிலுள்ள எழுத்தையும் அதில் எழுதிக்கொள்கிறார். சரித்திரப் பற்றால் அல்லவாம். ஊர் தெரிந்த பொருளுக்கு இரண்டொரு வாடிக்கைக்காரர்கள் விலை கூட்டிக் கொடுக்கிறார்களாம். போன மாதம் ஒரு தாம்பாளத்துக்கு அவர் தேய்ப்புக் கூலி கழிக்கவில்லை.