அலாஸ்கா கரையில் எட்டு மணி நேரம்: கடிகாரம் யார் கையில்?

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் ஏழு நாள் அலாஸ்கா கப்பல் பயணத்தின் அட்டவணை ஒன்றை எடுத்துப் பாருங்க. ஜூனோவில் ஒரு பகல், ஸ்கேக்வேயில் ஒரு பகல், கெட்சிகனில் பெரும்பாலும் அரை நாள். கடைசியா கனடாவின் விக்டோரியா. பல கப்பல்கள் அங்கே சாயங்காலம் கழிச்சு வந்து நடுராத்திரிக்குள்ள கிளம்பிடும். பாதிக் கடை மூடின பிறகு ஊருக்குள்ள இறக்கிவிட்டு என்ன பிரயோஜனம்?

காரணம் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றிப்போகக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் அந்த வருஷம் விதித்தது. உள்நாட்டுக் கப்பல்காரர்களைக் காப்பாற்றத்தான் அது வந்தது. இன்றைக்கு அலாஸ்கா போகும் பெரிய கப்பல்கள் எல்லாமே பஹாமாஸ், பனாமா, நெதர்லாந்து மாதிரி நாடுகளில் பதிவானவை. அதனால் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகணும். விக்டோரியா அந்தக் கணக்கில் வருது. கோவிட் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, 2021இல் தற்காலிக விலக்குச் சட்டம் போட்ட பிறகுதான் அலாஸ்காவுக்கு இந்தப் பெரிய கப்பல்கள் போக முடிந்தது.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி விடாமல் இருந்தது. கரையில் நமக்குக் கிடைக்கும் நேரத்தை யார் முடிவு பண்றாங்க? கப்பல் விற்கும் சுற்றுலாவை வாங்காமல், சொந்தமாகக் கரைநாளைத் திட்டமிடுகிறவர்களுக்கு இது வெறும் சரித்திரக் கேள்வி இல்லை. அவங்க கையிலே இருக்கிறது அந்த நேரம் மட்டும்தான்.

1880களில் இந்தக் கடிகாரம் சரக்கின் கையில் இருந்தது. அமெரிக்கா 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கி இருபது வருஷம்கூட ஆகவில்லை. தபாலும் சரக்கும் ஏற்றிப்போன நீராவிக் கப்பல்களில் வேடிக்கை பார்ப்பவர்களும் டிக்கெட் வாங்கி ஏறினார்கள். 1883இல் அப்படி 'ஐடஹோ' கப்பலில் போனவர் எலைசா சிட்மோர் என்ற பத்திரிகையாளர். கேப்டன் ஜேம்ஸ் கரோல் அந்தக் கப்பலைக் கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவுக்குள் கொண்டுபோனார். சிட்மோர் 1885இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக்கினார், 1893இல் அலாஸ்காவுக்கு வழிகாட்டி நூலே எழுதினார். அந்தக் காலத்தில் சரக்கு இறங்கும்வரை, ஓதம் சரியாகும்வரை கப்பல் நிற்கும். அதுவரை பயணிகள் கால் போன போக்கில் ஊரைச் சுற்றுவார்கள். இன்றைக்கு 'சொந்தமாகப் போறோம்' என்று தனியாகச் சொல்லிக்கொள்வது அன்றைக்கு எல்லாரும் செய்த ஒன்று.

ஆனா கரையில் இருந்தவங்க சும்மா இருக்கலை. சிட்காவிலும் ஜூனோவிலும் டிலிங்கிட் பழங்குடிப் பெண்கள், கப்பல் வரும் நேரம் பார்த்து நடைபாதையில் கூடைகளை விரித்து உட்கார்ந்தார்கள். ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரைக் கீறிப் பின்னிய கூடைகள் அவை. வெள்ளி நாணயத்தை அடித்துச் செதுக்கிய வளையல்களும் விற்பனைக்கு வந்தன. வாங்குபவர் பெட்டிக்குள் அடங்கணுமே என்று கூடைகள் சின்னதாயின. பாட்டிலுக்கு மேல் பின்னல், கப்-சாசர் வடிவத்தில் பின்னல் என்று புதுசு புதுசா வந்தன. பேரம் பேசுவதில் அவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று அந்தக் காலப் பயணிகள் பலர் எழுதியிருக்காங்க. கப்பல் கிளம்பும் அவசரம் வாங்குபவருக்குத்தானே, விற்பவருக்கு இல்லையே!

இதே கரைநாள் வேறு மாதிரியும் முடிந்திருக்கு. 1899இல் சியாட்டில் வர்த்தகப் பிரமுகர்கள் ஒரு நல்லெண்ணப் பயணமாக அலாஸ்கா போனார்கள். டாங்கஸ் என்ற டிலிங்கிட் கிராமத்தில் கப்பல் நின்றது. ஊர் ஜனங்கள் மீன்பிடி வேலைக்குப் போயிருந்த சமயம். இறங்கியவர்கள் குலச்சின்னங்கள் செதுக்கிய சுமார் 60 அடி டோட்டம் தூண் ஒன்றை வெட்டிச் சாய்த்து, துண்டாக்கி, கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து சியாட்டிலின் பயனியர் சதுக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். கைவிடப்பட்ட கிராமம் என்று சமாதானம் வேறு. வழக்கு வந்தது. கடைசியில் 500 டாலர் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள். 1938இல் தூண் தீயில் சேதமான பிறகு, அதன் நகலைச் செதுக்கியவர்களும் டிலிங்கிட் சிற்பிகள்தான்.

அதே 1899 கோடையில், ரயில்வே அதிபர் எட்வர்ட் ஹாரிமன் விஞ்ஞானிகளோடு நடத்திய கப்பல் பயணமும் கேப் ஃபாக்ஸ் கிராமத்திலிருந்து தூண்களைத் தூக்கிச் சென்றது. அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த பிறகு, 2001இல்தான் அவை சந்ததியினரிடம் திரும்பின. சில மணி நேரம் நின்ற கப்பல், மூணு தலைமுறை வேலையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கு.

பிறகு கடிகாரம் மெல்லக் கம்பெனி கைக்குப் போனது. ஸ்கேக்வேயை எடுத்துக்கொள்வோம். 1898 தங்க வேட்டையில் வந்து தங்கிவிட்ட மார்ட்டின் இட்ஜன், 1920களில் தானே ஒரு வினோதமான 'ஸ்ட்ரீட் கார்' வண்டியைக் கட்டி, கப்பல் பயணிகளை ஏற்றி ஊரின் ரவுடிக் கதைகளைச் சொல்லிச் சம்பாதித்தார். 1935இல் அதே வண்டியோடு ஹாலிவுட் போய் நடிகை மே வெஸ்ட்டைச் சந்தித்து விளம்பரம் தேடிக்கொண்ட ஆள்! உள்ளூர்க்காரர், சொந்த வண்டி, சொந்தக் கதை. அதற்கு நேர்மாறான ஒன்று 1971இல் நடந்தது. ஹோட்டல், பஸ், கப்பல் என்று அலாஸ்கா சுற்றுலாவைக் கட்டியெழுப்பிய வெஸ்ட்டூர்ஸை ஹாலந்து அமெரிக்கா கப்பல் நிறுவனம் வாங்கியது. கடலில் ஏற்றிச் செல்பவரே கரையிலும் சுற்றிக்காட்டுபவர் ஆனார்.

இப்போது ஊர்களே கடிகாரத்தைக் கேட்க ஆரம்பிச்சிருக்கு. சுமார் 32,000 பேர் வாழும் ஜூனோ, ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான் என்று 2024இல் எல்லை வகுத்தது. 2026 முதல் தினமும் 16,000 படுக்கைகளுக்கு மேல் கூடாது, சனிக்கிழமை 12,000 என்று கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. சனிக்கிழமை பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் தோற்றது. பிழைப்பும் நிம்மதியும் ஒரே தராசில் இருந்தால் அப்படித்தான் இழுபறி ஆகும். ஹூனா வேறு வழி கண்டது. 18ஆம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனியாறு, கிளேசியர் பேயிலிருந்து துரத்திய டிலிங்கிட்களின் ஊர் அது. 1912இல் கட்டிய பழைய மீன் டப்பா தொழிற்சாலையை அவர்களுடைய நிறுவனமே 2004இல் கப்பல் துறையாகத் திறந்தது.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு கரைநாளை எப்படித் திட்டமிடுவது? நான் வைத்திருக்கும் கணக்கு இது.

சியாட்டிலில் ஏறுவதற்கு முன்னாலேயே பயனியர் சதுக்கம் போய் அந்தத் தூணின் நகலைப் பார்த்துடுங்க. கெட்சிகனில் துறையிலிருந்து நடந்தே டோட்டம் ஹெரிடேஜ் சென்டர் போகலாம். மக்கள் விட்டுப்போன கிராமங்களிலிருந்து, இந்தத் தடவை உரியவர்களின் சம்மதத்தோடு, கொண்டுவந்த 19ஆம் நூற்றாண்டுத் தூண்கள் அங்கே இருக்கு. நாலு கி.மீ. தள்ளியிருக்கும் சாக்ஸ்மனுக்கு டவுன் பஸ் போகுது. கேப் ஃபாக்ஸ் மக்கள் குடியேறிய ஊர் அது.

ஸ்கேக்வேயில் பழைய ரயில் நிலையத்திலேயே தேசியப் பூங்காவின் தகவல் மையம் இருக்கு. அங்கிருந்து தங்க வேட்டைக் காலக் கல்லறைத் தோட்டம் வரை சுமார் மூணு கி.மீ. சமதள நடை. 1982இல் சுரங்கங்கள் மூடியபோது நின்றுபோய், 1988இல் சுற்றுலாவுக்காகவே மறுபடி ஓட ஆரம்பித்த ரயிலில் போகணும்னா முன்கூட்டியே டிக்கெட் எடுக்கணும்.

ஜூனோவில் டவுன் பஸ், மெண்டன்ஹால் பனியாறு வரைக்கும் போகாது. இறங்கி சுமார் ரெண்டரை கி.மீ. நடக்கணும், திரும்பவும் அதே நடை. இதைக் கணக்கில் சேருங்க.

ஒரு எச்சரிக்கை. கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவா காத்திருக்கும். தனியாகப் போனவருக்காக நிற்காது. ஜூனோவுக்கும் கெட்சிகனுக்கும் வெளியூர் சாலையே கிடையாது. தவறவிட்டால் உங்க செலவில் விமானம்தான். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால் என்பதால், கைபேசியைப் பார்க்காமல் கப்பலில் அறிவிக்கும் நேரத்தை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னாலேயே துறைக்கு வந்துடுங்க.

சரக்கு, சட்டம், கம்பெனி என்று எத்தனையோ பேர் வெட்டியது போக நமக்கு மிஞ்சுவது ஏழெட்டு மணி நேரம். அதே நேரத்தில் அந்த ஊர்க்காரர்களும் தங்கள் தெருவில்தான் இருக்காங்க. நல்ல கரைநாளுக்கு ரெண்டு பேர் கணக்கும் சேரணும்.