எம் 130: உசிலம்பட்டிக் குறியும் 'முதல் மனிதன்' என்னும் பிழையும்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம்மெட்டு ஏறி ஜீப்பில் வேலைக்கு வந்தவர்களுள் என் தாயும் ஒருவர். "உலகத்துலயே முதல் மனுசன் எங்க உசிலம்பட்டிக்காரன்தான்" என்று ஓட்டுநர் ஒருவர் பெருமையோடு சொன்னதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அதன் பின்னால் உண்மையான ஆய்வொன்று இருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். ஆனால், அந்த ஆய்வு அவ்வாறு சொல்லவில்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழக நோயெதிர்ப்பியல் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், மதுரை வட்டாரத்தில் குருதி மாதிரிகளைத் திரட்டினார். உசிலம்பட்டி அருகேயுள்ள ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரின் மாதிரியில் எம் 130 என்னும் ஒய் குரோமோசோம் குறி காணப்பட்டது. ஸ்பென்சர் வெல்ஸ் 2002-இல் வெளியிட்ட 'மனிதனின் பயணம்' என்ற நூலும், அதையொட்டிய ஆவணப்படமும் அதை உலகறியச் செய்தன.

ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி, கலப்புறாமல் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. எனவே அதில் ஒருமுறை நேர்ந்த சடுதிமாற்றம் வழிவழியாக நிலைத்துவிடுகிறது. எம் 130 அத்தகையதே: ஓரிடத்தில் சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமின், ஒரேயோர் எழுத்துப்பிழை. அது 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது பொதுவான கணிப்பு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் மங்கோலியரிடமும் அது மிகுதி. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே சென்றோரின் தடயம் இந்தியாவிலும் கிடைத்தது என்பதே கண்டுபிடிப்பின் மதிப்பு.

ஆயின், இந்தியாவில் பெரிதும் காணப்படும் கிளை எம் 356. ஆஸ்திரேலியருடையது எம் 347. மங்கோலியருடையது எம் 217. ஒன்று மற்றொன்றின் தாய்க்கிளை அன்று. மூன்றும் பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து பிரிந்தவை. உசிலம்பட்டி இளைஞர் எவ்வளவு தொன்மையானவரோ, அவ்வளவே தொன்மையானவர் இன்றைய மங்கோலியரும். இக்குறியை ஒரு சாதியின் பட்டயமாக்குவோர் இதைக் காண்பதில்லை. பிச்சப்பன் குழுவினரே 2012-இல், தமிழகத்தின் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து, இரு பிரிவினரும் பனியுகக் காலத் தொன்மையுடைய மரபைப் பகிர்வதாகக் காட்டினர். வேறுபாடுகள் பெரிதும் வாழ்வாதார முறையைச் சார்ந்தே அமைந்திருந்தன.

இன்னொரு வரம்பும் உண்டு. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் குறி காட்டுவது அவற்றுள் ஒன்றை மட்டுமே. வண்டன்மேட்டில் காய் எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். மலை கடந்து வந்த அவர்களது வரலாற்றில் ஒரு வரியையும் ஒய் குரோமோசோம் சொல்லாது. என் உடலில் அது இல்லவே இல்லை. தாய்வழியை அறிய மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வையே நாட வேண்டும். இந்தியரில் பெரும்பாலோரிடம் காணப்படும் தாய்வழிக் குழுவின் பெயரும் எம் என்பதே (ஒய் குறிகளின் 'எம்' வேறு, இது வேறு). அதன் வயதும் ஏறத்தாழ எம் 130-இன் வயதுக்கு ஈடானது. எனினும் அக்குழுவைச் சேர்ந்த எந்தப் பெண்ணையும் 'முதல் மனுசி' என்று எவரும் கொண்டாடி நான் கேட்டதில்லை.